கப்பர்நகூமில் பேதுருவின் வீடு: சான்று எவ்வளவு தூரம் தாங்கும்?

கல்லும்மண்ணும் (இழையைத் தொடங்கியவர்)

கலிலேயாக் கடல் என்ற ஏரியின் வடமேற்குக் கரையில், யோர்தான் ஆறு ஏரியில் வந்து சேரும் இடத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது கப்பர்நகூம். அரபியில் டெல் ஹூம். இயேசு நாசரேத்தை விட்டு வந்து தங்கியது இங்கேதான். மத்தேயு நற்செய்தி இதை அவருடைய சொந்தப் பட்டணம் என்றே சொல்கிறது. யூதர்களின் தொழுகைக்கூடம், வரி வாங்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயு, கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதக்காரர், காய்ச்சலில் கிடந்த பேதுருவின் மாமியார் எல்லாம் இந்த ஒரே ஊரில்.

அங்கே எண்கோண வடிவத்தில் ஒரு பழைய கோயிலின் அடித்தளம் இருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது பேதுருவின் வீடு என்று பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். அந்தச் சான்றுகள் எவ்வளவு வலுவானவை என்பதைத்தான் இந்த இழையில் பேசலாம் என்று நினைக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிகத் தொடக்கத்திலிருந்தே மக்கள் அந்த ஓர் அறையைத் தனியாக மதித்து வந்திருக்கிறார்கள். இதை மண் நன்றாகவே காட்டுகிறது. பேதுருவின் பெயர் எழுதிய கல் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வேறெந்த விளக்கமும் இந்த அறைக்கு இவ்வளவு பொருந்தவில்லை.

இடத்தின் வரலாறு சுருக்கமாக: 1838இல் எட்வர்ட் ராபின்சன் இங்கே வந்து தொழுகைக்கூட இடிபாட்டைப் பார்த்தார். ஆனால் கப்பர்நகூம் இன்னும் தெற்கே இருந்தது என்று நினைத்தார். 1866இல் சார்லஸ் வில்சன்தான் டெல் ஹூமையும் கப்பர்நகூமையும் சேர்த்துச் சொன்னார். 1894இல் பிரான்சிஸ்கன் துறவிகள் நிலத்தை வாங்கினார்கள். 1905இல் கோல், வாட்சிங்கர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தொழுகைக்கூடத்தைத் தோண்டினார்கள். 1921 முதல் 1926 வரை ஓர்ஃபாலி தோண்டியபோது எண்கோணம் வெளிப்பட்டது. 1968இல் கோர்போவும் லோஃப்ரெடாவும் அதன் அடியில் இறங்கினார்கள். நம் பேச்சுக்கு முக்கியமானது இந்தக் கடைசி அகழாய்வுதான்.

சான்றுகேள்

நல்ல இழை. முதல் கேள்வியை நானே வைக்கிறேன். தோண்டியவர்கள் துறவிகள், நிலமும் அவர்கள் சபையுடையது. 'பேதுருவின் வீடு' என்ற முடிவோடு உள்ளே இறங்கிவிட்டு அப்புறம் அதற்கேற்றபடி மண்ணைப் படித்திருக்க வாய்ப்பு இருக்கிறது அல்லவா?

கல்லும்மண்ணும்

கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் அவர்களுடைய முடிவை ஓரமாக வைத்துவிட்டு, கிடைத்த பொருட்களை மட்டும் பார்ப்போம்.

அந்த ஊர் வீடுகள் எல்லாம் கறுப்பு எரிமலைக் கல்லால் கட்டியவை. செதுக்காத கல், சாந்து கிடையாது, இடுக்குகளில் சிறு கல்லும் மண்ணும். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், ஒரு முற்றத்தை நாலைந்து உறவுக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். அந்தச் சுவர்கள் மாடியைத் தாங்காது. கம்பு, நாணல், மண் போட்ட இலேசான கூரைதான். வெளியிலிருந்தே கூரைக்குப் படி இருக்கும். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாலு பேர் மேலே ஏறிக் கூரையைத் தோண்டுவது இந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாகவே இருக்காது. தரையும் உருண்டைக் கற்களைப் பரப்பியதுதான். காசு விழுந்தால் இடுக்கில் போய்விடும்.

நாம் பேசும் வீடும் முதலில் இதே மாதிரி ஒரு வீடுதான். கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டியது. ஆறேழு மீட்டர் அகலமுள்ள அதன் பெரிய அறையில் மட்டும் பிறகு ஒரு மாற்றம் வருகிறது. தரைக்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள், திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள். சுவருக்கும் சுண்ணாம்பு. தோண்டிய வரைக்கும் அந்த ஊரில் வேறெந்த வீட்டுக்கும் சுவர்ப்பூச்சு இல்லை. தரையின் மெல்லிய அடுக்குகளுக்குள் ஏரோது காலத்து விளக்குகளின் உடைசல்கள் சிக்கியிருந்தன. அதே காலத்தில் சமையல் பாத்திர ஓடுகள் அந்த அறையில் நின்றுபோகின்றன. அதாவது சமைத்துச் சாப்பிடும் அறையாக அது இல்லாமல் போகிறது. ஒரு மீனவக் கிராமத்தில், ஒரே ஒரு அறையை மட்டும் எதற்காக இப்படி மாற்றுவார்கள்?

மறைக்கல்வி_ஆசிரியை

அந்தச் சுவர்களில் கிறுக்கல்கள் இருக்கின்றனவே, அதையும் சொல்லுங்கள் ஐயா. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். கிரேக்கம், சிரியாக், அரமேயம், இலத்தீன் என்று பல மொழிகளில் நூற்றுக்கும் மேல். பெரும்பாலும் கிரேக்கம். ஆண்டவர், கிறிஸ்து என்று அழைத்து வேண்டும் சொற்கள், சிலுவைகள். தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் சுவரில் கீறிவிட்டுப் போனவை.

எத்தேரியா என்ற பெண் பயணியின் குறிப்பும் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர். அவருடைய கையெழுத்துப் படியில் இந்தப் பகுதி காணாமல் போனாலும், பிற்காலத்தில் பீட்டர் என்ற தியாக்கோன் எடுத்தெழுதியதில் மிஞ்சியிருக்கிறது. திருத்தூதர்களின் தலைவருடைய வீடு கோயிலாக்கப்பட்டது, அதன் சுவர்கள் அப்படியே நிற்கின்றன என்று எழுதியிருக்கிறார்.

சான்றுகேள்

டீச்சர், எத்தேரியா சொல்வது 4ஆம் நூற்றாண்டின் நம்பிக்கை. நமக்கு வேண்டியது முதல் நூற்றாண்டு. இடையில் முந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன.

கிறுக்கல்களுக்கு வருவோம். தெஸ்தா என்ற அறிஞர் அவற்றில் பேதுருவின் பெயரைப் படித்தார். மற்ற ஆய்வாளர்கள் பலர் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. பூச்சு துண்டு துண்டாக உடைந்து கீழே விழுந்து கிடந்தது. ஒரு துண்டில் இரண்டு எழுத்து, இன்னொன்றில் மூன்று எழுத்து. அதைச் சேர்த்து ஒரு பெயர் செய்வது எளிது. எழுதிய காலமும் 3, 4ஆம் நூற்றாண்டுகளாக இருக்கலாம்.

வரலாற்றாசிரியர் ஜோன் டெய்லர் வைத்த வாதத்தையும் கவனியுங்கள். 4ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு முன்னால் கிறிஸ்தவர்கள் புனித இடம் என்று எதையும் கொண்டாடியதற்குச் சான்று மிகக் குறைவு. அப்புறம் 4ஆம் நூற்றாண்டு ஆயர் எபிபானியுஸ் சொல்வது: கப்பர்நகூம் 4ஆம் நூற்றாண்டில் முழுக்க யூத ஊர், பிற இனத்தார் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. திபேரியாவைச் சேர்ந்த யோசேப்பு என்ற யூதர் கிறிஸ்தவரானார், அந்த ஊர்களில் கோயில் கட்ட மன்னர் கான்ஸ்டன்டைனிடம் அனுமதி வாங்கினார். அப்படியானால் 'பேதுருவின் வீடு' என்பது அந்தக் காலத்துக் கட்டுமானத்தோடு சேர்ந்து பிறந்த கதையாக ஏன் இருக்கக்கூடாது?

கல்லும்மண்ணும்

தெஸ்தாவின் வாசிப்பை நானும் சான்றாக எடுப்பதில்லை. அது இல்லாமலே வாதம் நிற்கும்.

எபிபானியுஸ் விஷயத்தில் உங்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் சொல்வதில் முக்கியமானது, அங்கே பிற இனத்தார் இல்லை என்பது. கிறிஸ்துவை நம்பிய யூதர்கள் அங்கே இருந்திருக்கக்கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. யூத மத ஆசிரியர்களான ரபிக்களின் பிற்கால நூலான கோகேலேத் ரப்பாவில் ஒரு கதை வருகிறது. ரபி யோசுவாவின் உறவினரான அனினா கப்பர்நகூமுக்குப் போகிறார், அங்கிருந்த 'மினிம்' அவரை மயக்கி ஓய்வுநாளில் கழுதை மேல் ஏற வைக்கிறார்கள். மினிம் என்றால் வழி தவறியவர்கள். யூத கிறிஸ்தவர்களைக் குறிப்பதாகவே ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கதை நடப்பதாகச் சொல்லப்படுவது 2ஆம் நூற்றாண்டு, எழுதிய காலம் வெகு பின்னால். ஆனாலும் யோசியுங்கள்: கப்பர்நகூம் என்றாலே 'அந்த ஆட்கள் இருக்கும் ஊர்' என்ற நினைவு எதிர்த்தரப்பிடமும் இருந்திருக்கிறது. அதைக் கிறிஸ்தவர்கள் போய் ரபிக்களின் நூலில் எழுதிவைக்க முடியாது.

ஊரிலேயே பிறந்து, தங்கள் தாத்தா எந்த வாசலுக்குப் போய் வந்தார் என்று அறிந்த குடும்பங்கள் தொடர்ந்து இருந்தால், ஒரு வீட்டின் நினைவு அழிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயிரம் பேர் இருந்தாலே பெரிது என்று சொல்லத்தக்க ஊர் அது.

வலைக்காரன்

நான் மீன்பிடிக் குடும்பம். நீங்கள் எல்லோரும் சுவரையே பார்க்கிறீர்கள், கொஞ்சம் தண்ணீரையும் பார்ப்போம்.

அந்த ஏரி 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே. நல்ல தண்ணீர். கப்பர்நகூமில் ஏன் மீனவர்கள் கூடினார்கள் என்பதற்குத் தண்ணீரிலேயே காரணம் இருக்கிறது. மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் தாப்கா. அங்கே வெந்நீர் ஊற்றுகள் ஏரியில் கலக்கின்றன. முஷ்த் என்று ஒரு மீன், நம் ஜிலேபிக் கெண்டையின் இனம், அது சூடு தேடும் மீன். குளிர்காலத்தில் ஏரி குளிர்ந்தால் கூட்டம் கூட்டமாக அந்த ஊற்றுப் பக்கம் ஒதுங்கும். அந்த இடத்தை அறிந்தவன் குளிர்காலம் முழுக்கச் சோறு சாப்பிடலாம்.

லூக்கா 5ஐ வாசியுங்கள். இராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்கிறார் பேதுரு. காலையில் கரையில் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் இராத்திரி? அப்போது வலை ஆளி நாரில் பின்னியது. பகலில் தெளிந்த தண்ணீரில் மீனுக்கு அது தெரியும். மூன்று அடுக்கு வலை போட்டிருப்பார்கள், எங்கள் பக்கம் டிஸ்கோ வலை என்போம். வெளிப்பக்கம் இரண்டும் பெரிய கண்ணி, நடுவில் பொடிக் கண்ணி. மீன் பெரிய கண்ணிக்குள் நுழைந்து பொடிக் கண்ணியைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பைபோல மாட்டிக்கொள்ளும். இதை இருட்டில்தான் போட முடியும். விடிந்ததும் அலசிக் காய வைக்காவிட்டால் ஆளி நார் அழுகிவிடும். ஒரு நாள் விட்டாலே நாறும். அதனால் 'வலைகளை அலசினார்கள்' என்ற ஒரு வரியைத் தொழில் தெரிந்தவர் சொல்லாமல் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் விரிவாக எழுதியவர் மெண்டல் நூன். ஏரியின் கிழக்குக் கரையில் எயின் கேவ் கிபுட்ஸில் (கூட்டுக் குடியிருப்பில்) மீனவராகவே வாழ்ந்தவர். ஏரி நீர் வற்றியபோது பழைய துறைகளின் கல்வரிசைகளைக் கரை கரையாகத் தேடிப் பதிவு செய்தவர்.

ஏரிக்கரை

வலைக்காரன் அண்ணா, அங்கே உணவகங்களில் 'பேதுருவின் மீன்' என்று முழு மீனைப் பொரித்து வைக்கிறார்கள். நாங்கள் போன குழுவில் எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டோம். அது நீங்கள் சொல்லும் முஷ்த்தா?

வலைக்காரன்

அதேதான் தம்பி. ஆனால் மத்தேயு 17இல் வருகிற மீன் அதுவாக இருக்காது. கப்பர்நகூமில் வரி கேட்டு வந்தார்கள், தூண்டில் போடு, முதலில் வரும் மீனின் வாயில் காசு இருக்கும் என்று இயேசு பேதுருவிடம் சொன்னார் அல்லவா? முஷ்த் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்னும் மீன், தூண்டிலுக்கு வராது. வலையில்தான் வரும். தூண்டிலைக் கவ்வுவது பினி, மீசையுள்ள கெண்டை. நூன் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். முஷ்த்தில் முள் குறைவு, பொரித்தால் ருசி. அதனால் கடைக்காரர்கள் அதற்குப் பேரைக் கொடுத்துவிட்டார்கள்.

கெளுத்தி வகையும் அந்த ஏரியில் உண்டு. செதில் இல்லை, யூதர்கள் தின்னமாட்டார்கள். மத்தேயு 13இல் இழுவலையைக் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதைக் கூடையில் சேர்த்து ஆகாததை எறிந்தார்கள் என்று வருவது இந்தப் பிரிப்புதான்.

சான்றுகேள்

அண்ணே, உங்கள் பதிவு அருமை. மீனவ ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்கோணத்துக்கு அடியில் தூண்டில் முள்களும் கிடைத்தன. ஆனால் அந்த ஊரில் எந்த வீட்டைத் தோண்டினாலும் தூண்டில் முள் கிடைக்கும் அல்லவா? அது பேதுருவைக் காட்டாது.

இன்னொரு சிக்கல். யோவான் 1:44 பேதுருவின் ஊர் பெத்சாயிதா என்கிறது. அது யோர்தானுக்கு அந்தப் பக்கம். அங்கேயும் இப்போது ஒரு கோயில் கிடைத்திருக்கிறது. ஒரே ஆளின் வீட்டுக்கு இரண்டு ஊரில் கோயிலா?

கல்லும்மண்ணும்

இது இந்த இழையின் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பெத்சாயிதா எது என்பதே தனி வழக்கு. 1987 முதல் ராமி அராவ் எட்-டெல் மேட்டைத் தோண்டினார். இரும்புக் காலத்து கெசூர் நாட்டின் பெரிய வாயில் கிடைத்தது. அது இன்றைய கரையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மீனவ ஊர் இவ்வளவு உள்ளேயா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2016இலிருந்து மோர்தகாய் அவியாமும் ஸ்டீவன் நாட்லியும் கரையோரத்தில் எல்-அராஜ் என்ற இடத்தைத் தோண்டி வருகிறார்கள். அங்கே ரோமர் காலத்துக் குடியிருப்பு, ஈய வலைக்குண்டுகள், மேலே பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) காலத்துக் கோயில் என எல்லாம் கிடைத்தன. 2022இல் அந்தக் கோயிலின் கல்பதித்த தரையில் ஒரு கிரேக்க எழுத்துப் பொறிப்பு. அதில் விண்ணகத் திருத்தூதர்களின் தலைவர் என்று ஒருவரை வேண்டுகிறார்கள். பைசாந்தியர் பேதுருவை அப்படித்தான் அழைப்பார்கள். 725 வாக்கில் அந்தப் பக்கம் வந்த வில்லிபால்ட் என்ற பயணி, பெத்சாயிதாவில் பேதுரு, அவர் சகோதரர் அந்திரேயா வீடு இருந்த இடத்தில் ஒரு கோயில் நிற்கிறது என்று குறித்ததோடு இது பொருந்துகிறது.

ஆக, பெத்சாயிதாவில் சொந்த ஊர், கப்பர்நகூமில் வாழ்ந்த வீடு. இதில் மோதல் எங்கே? மாற்கு 1:29 தொழுகைக்கூடத்தை விட்டு நேராக சீமோன் (பேதுருவின் இன்னொரு பெயர்), அந்திரேயா வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறது. உள்ளே மாமியார் இருக்கிறார். மணமுடித்து வந்த ஊராக இருக்கலாம். தொழில் காரணமும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யோர்தானுக்குக் கிழக்கே ஏரோதின் மகன் பிலிப்புவின் ஆட்சி, மேற்கே இன்னொரு மகன் அந்திப்பாவின் ஆட்சி. பெத்சாயிதாவில் பிடித்த மீனை மேற்குக் கரையிலிருந்த மக்தலாவுக்குக் கொண்டுபோய் உப்புப் போட வேண்டுமானால் எல்லை தாண்ட வேண்டும், ஆயம் கட்ட வேண்டும். மேற்கே குடிவந்துவிட்டால் அந்தச் செலவு இல்லை. கப்பர்நகூமில் மத்தேயு உட்கார்ந்திருந்த ஆயத்துறை எதற்கு என்பதும் இதில் தெளிவாகிறது.

தூண்டில் முள் பற்றிச் சொன்னது சரி. அதைப் பேதுருவின் தூண்டில் என்று பயணிகளிடம் சொல்வது எனக்கும் பிடிக்காது.

நூற்றுவர்_தலைவன்

நூற்றுவர் தலைவர் என்ற படை அதிகாரி கட்டிக்கொடுத்த தொழுகைக்கூடம் (லூக்கா 7), இன்று அங்கே இடிபாடாக நிற்கும் வெள்ளைக் கல் கட்டடம்தானே?

கல்லும்மண்ணும்

இல்லை. அந்த வெள்ளைச் சுண்ணக்கல் கட்டடம் பிற்காலத்தது. கோல், வாட்சிங்கர் பாணியை வைத்து 2, 3ஆம் நூற்றாண்டு என்றார்கள். கோர்போவும் லோஃப்ரெடாவும் தளத்தைப் பெயர்த்தபோது அடியில் ஆயிரக்கணக்கில் சின்ன வெண்கலக் காசுகள் கிடைத்தன. அவற்றில் 4ஆம் நூற்றாண்டின் கடைசியும் 5ஆம் நூற்றாண்டும் இருந்தன. மூடிய தளத்துக்கு அடியில் இருக்கும் காசைவிடக் கட்டடம் பழையதாக இருக்க முடியாது. இதை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காசுகள் பிறகு பழுதுபார்த்தபோது போனவை என்பது அவர்கள் வாதம். இத்தனை இடங்களில் இத்தனை காசுகள் கிடைத்த பிறகு அந்த வாதம் எனக்குப் பலவீனமாகவே படுகிறது.

ஆனால் வெள்ளைச் சுவரின் கீழே கறுப்புக் கல் சுவர்கள் தெரிகின்றன. தடித்த சுவர்கள், வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. நடுக்கூடத்தின் அடியில் முதல் நூற்றாண்டுக் கற்தளமும் கிடைத்தது. லூக்கா சொல்லும் கூடம் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அந்த அதிகாரியும் ரோமப் படையாளாக இருந்திருக்க வேண்டியதில்லை. இயேசு காலத்தில் கலிலேயா அந்திப்பாவின் கையில், படையும் அவனுடையது. கிழக்குப் பக்கம், கிரேக்க மரபுவழிச் சபையின் நிலத்தில் சாஃபெரிஸ் தோண்டிய ரோமக் குளியல்கூடத்தை வைத்துப் படைமுகாம் இருந்தது என்பார்கள். அது பிற்காலத்தது.

மறைக்கல்வி_ஆசிரியை

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 5ஆம் நூற்றாண்டில் எண்கோணக் கோயிலும் வெள்ளைத் தொழுகைக்கூடமும் ஒரே நேரத்தில் நின்றிருக்கின்றன. நடுவில் ஒரு தெரு தூரம்தான். ஒரு பக்கம் மயில் வரைந்த கல்பதித்த தரை, ஒரு பக்கம் ஊருக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல்லில் திராட்சையும் பேரீச்சையும். கல்லெடுத்து வந்த செலவைப் பார்த்தால் இரண்டு பக்கமும் கையிருப்பு இருந்திருக்கிறது. அந்தத் தெருவில் நடந்தவர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

சான்றுகேள்

டீச்சர் சொன்னது எனக்கும் பிடித்திருக்கிறது. அதே நேரம் போட்டி போட்டுக்கொண்டு கட்டியதாகவும் அதைப் பார்க்கலாம்.

என் கணக்கு இப்படி நிற்கிறது. முதல் நூற்றாண்டு வீடு: உறுதி. அறையின் தனிப் பயன்பாடு: நல்ல சான்று, ஆனால் தொடங்கிய ஆண்டில் தகராறு. 4ஆம் நூற்றாண்டில் பேதுருவின் வீடு என்ற நம்பிக்கை: உறுதி. நடுவில் இருக்கும் இரண்டு நூற்றாண்டை ரபிக்களின் பிற்காலக் கதை ஒன்று மட்டுமே தாங்குகிறது. அந்தப் பாலத்தில் நான் ஏறமாட்டேன்.

கல்லும்மண்ணும்

நான் ஏறுவேன். ஏனென்றால் பாலத்தின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நிற்பது ஒரே அறை. 4ஆம் நூற்றாண்டில் கதை கட்ட வந்தவர்கள், ஊரில் இத்தனை வீடுகள் இருக்க, முன்னமே சுண்ணாம்பு பூசி மதிக்கப்பட்ட அந்த ஒரே அறைக்குத் தற்செயலாக வந்து சேர்ந்தார்கள் என்பதை நம்ப எனக்கு அதிகத் துணிச்சல் வேண்டும். பழைய சுவரை இடிக்காமல், நடுவில் ஒரு வளைவு மட்டும் கொடுத்துக் கனமான கூரை போட்டார்கள். சுவரைக் காப்பாற்றத்தான் அந்தச் சிரமம்.

ஏரிக்கரை

அடுத்த முறை நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. போன தடவை வழிகாட்டி அவசரப்படுத்தியதில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி. எதை எப்படிப் பார்ப்பது?

கல்லும்மண்ணும்

1990இல் கட்டிய புதுக் கோயில் எண்கோணத்தின் மேலே தூண்களில் நிற்கிறது. உள்ளே நடுவில் கண்ணாடித் தளம், அதன் வழியாகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன் வெளியே நின்று கீழே குனிந்து பாருங்கள். எண்கோணத்தின் மூன்று வளையங்களும் அவற்றுக்குள் சிக்கிய பழைய கறுப்புச் சுவர்களும் அங்கிருந்துதான் பிரிந்து தெரியும். அப்புறம் தொழுகைக்கூடத்துக்குப் போனால், உள்ளே போவதற்கு முன் தென்மூலைகளில் வெள்ளைக் கல்லுக்குக் கீழே கறுப்புக் கல் தொடங்கும் கோட்டைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வீட்டு வரிசைகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. வாசற்படியும் முற்றமும் அடுப்படியும் அங்கேதான் இருக்கின்றன, அரை மணி நேரமாவது கொடுங்கள்.

வலைக்காரன்

தம்பி, கினோசர் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதே. 1986இல் ஏரி வற்றியபோது சேற்றில் கிடைத்த படகு அங்கே இருக்கிறது. 8 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், 2.3 மீட்டர் அகலம், இயேசு காலத்தை ஒட்டியது. பலகை கேதுரு, சட்டம் கருவாலி என்றாலும் ஒட்டுப்போட்டதில் பன்னிரண்டு வகை மரம் இருக்கிறது என்கிறார்கள். பழைய படகிலிருந்து கழற்றிய பலகைகூட உண்டு. யாருடையது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். பக்கவாட்டில் நின்று அந்த ஒட்டுகளை மட்டும் எண்ணிப் பார், அந்த ஏரியில் படகு வைத்திருந்தவனின் வரவு செலவு தெரிந்துவிடும்.